மணிமேகலை உணர்த்தும் ஏதுப்போலியும் நடைமுறைத் தருக்கமும்

ஆய்வுச்சுருக்கம்
மணிமேகலையில் அறவண அடிகள் உரைக்கும் அளவையியல், வாதில் வெல்லும் கருவியாக மட்டுமன்றி, செயலில் இறங்குமுன் காரணத்தைச் சோதிக்கும் முறையாகவும் அமைவதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மணிமேகலை, அளவை, ஏது, ஏதுப்போலி, நடைமுறைத் தருக்கம்.

முன்னுரை
சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை 30 காதைகளைக் கொண்டது. 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர் பலர்தம் கொள்கைகளைக் கேட்கிறாள். 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகளிடம் அளவையியலைக் கற்கிறாள். 30ஆம் காதையில் நோன்பை மேற்கொள்கிறாள். கேட்டல், ஆராய்தல், மேற்கொள்ளல் என்னும் இவ்வரிசையில் தருக்கம் நடுவிடம் பெறுகிறது.

அனுமான உறுப்புகளும் போலிகளும்
காண்டல், கருதல் என்னும் இரண்டே அளவைகள் என்பது அடிகளின் கொள்கை. கருதலுக்குரிய பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகளுள் இறுதி இரண்டும் திட்டாந்தத்தில் அடங்கும் என்கிறார். பக்கப்போலி 9, திட்டாந்தப்போலி 10. ஏதுப்போலி அசித்தம் 4, அநைகாந்திகம் 6, விருத்தம் 4 என 14 ஆகும். திக்நாகர் மரபைச் சார்ந்த நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலிலும் இவ்வெண்களே காணப்படுகின்றன.

புகையும் பனியும்
அசித்த வகைகளுள் இரண்டு நடைமுறைத் தருக்கத்துக்கு நெருக்கமானவை. ஒன்று, ஐயத்துக்குரிய ஏதுவைக் கொண்டு துணிதல். இதனைச் சித்தாசித்தம் என்பர். திண்டுக்கல் சமவெளியில் நின்று விடியற்காலையில் சிறுமலையை நோக்கும் ஒருவர், மலைமேல் வெண்ணிறமாய்ப் படர்வதைக் காண்கிறார் எனக் கொள்வோம். அது பனியா, புகையா எனத் தெளியாமலே காட்டுத்தீ என முடிவுசெய்து ஊரைத் திரட்டினால், அவர் இப்போலிக்கு உட்படுகிறார். காப்பியமும் ஆவி, பனி, புகை ஆகியவற்றையே இதற்கு எடுத்துக்காட்டுகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்னும் பொதுவிதியில் இங்குப் பிழையில்லை. கண்டது புகைதான் என்பது உறுதிப்படவில்லை.

மற்றொன்று அன்னியதராசித்தம். எதிர்வாதி ஏற்காத ஏதுவைக் கூறுதல் இது. ஒலி செயற்கை, ஆகவே அநித்தம் என்பது பௌத்தர் வாதம். ஒலி தோற்றுவிக்கப்படுவதன்று, வெளிப்படுவதே எனக் கொள்ளும் சாங்கியனிடம் இந்த ஏது செல்லாது. எனவே ஏதுவின் வலிமை, அதனைக் கேட்பவர் ஏற்கும் நிலையையும் சார்ந்தது.

தூல்மினுடன் ஒப்பீடு
பிரித்தானிய மெய்யியலாளர் ஸ்டீபன் தூல்மின் 1958இல் வெளியிட்ட நூலில், நீதிமன்ற வழக்காடலை முன்மாதிரியாகக் கொண்டு வாதத்தின் உறுப்புகளை வகுத்தார். கோரிக்கை, தரவு, இரண்டையும் இணைக்கும் உரிமம் ஆகியவை முறையே பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றோடு ஓரளவு ஒப்பிடத்தக்கன. ஆயினும் வேறுபாடு உண்டு. விதிவிலக்கான சூழல்களைத் தூல்மின் மறுப்பு என்னும் உறுப்பாக வாதத்தினுள்ளேயே சேர்க்கிறார். அறவண அடிகளோ பிழைகளைத் தனியே வகைப்படுத்தி, வாதத்தைச் சோதிக்கும் பட்டியலாக்குகிறார்.

முடிவுரை
இக்காதையைக் கதைப்போக்கோடு ஒட்டாத சாத்திரப் பகுதியாகக் கருதிக் கடந்துவிடுவது பொருந்தாது. துறவு என்னும் மீளற்கரிய முடிவை மணிமேகலை பிறர் சொல்லால் மட்டும் ஏற்கவில்லை; காரணங்களைச் சோதிக்கக் கற்ற பின்னரே ஏற்கிறாள். நோன்புக்கு முந்திய படியாகத் தருக்கத்தை வைத்தமையே சாத்தனார் நடைமுறைத் தருக்கத்துக்கு அளித்த பங்களிப்பாகும்.