அரிப்பை அடக்கும் களிம்பு, நோயை வளர்க்கும்!



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், பிள்ளைங்க படிப்பு என்று எல்லாம் பேசுகிறோம். ஆனால் இடுப்பிலோ தொடை இடுக்கிலோ அரிப்பு வந்தால் பக்கத்தில் இருக்கும் அக்காவிடம்கூடச் சொல்வதில்லை. "வெக்கமா இருக்கு" என்று பிள்ளையை மெடிக்கலுக்கு அனுப்பி ஒரு டியூப் வாங்கிவரச் சொல்கிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏன் வருகிறது?

வட்டமாக, ஓரம் சிவந்து, செதில் உதிர்ந்து அரித்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. இது ஒரு வகைப் பூஞ்சைக் காளான். வியர்வையும் ஈரமும் தங்கும் இடத்தில் வளரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள் நாள் முழுக்க ஷூவும் கெட்டி யூனிஃபார்மும் போட்டிருக்கிறார்கள். நமக்கோ பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் இடமும், மார்புக்கு அடியிலும் வேர்த்து நனைகிறது. நடவு வேலையில் கால்விரல் இடுக்கு ஊறிச் சேற்றுப்புண் வருகிறது.

படர்தாமரை ஒட்டிக்கொள்ளும் நோய். ஒரே துண்டு, ஒரே பாய், ஒரே சோப்பு என்று புழங்கினால் வீடு முழுக்கப் பரவும்.

களிம்பில் என்ன இருக்கிறது?

கடையில் கேட்டதும் தரும் பல களிம்புகளில் காளான் மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். பூசிய இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். "நல்ல மருந்துதான்" என்று நினைப்போம். உள்ளே காளான் சாகாது. நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகப் படரும். மறுபடி பூசுவோம். மாதக்கணக்கில் இப்படிப் பூசினால் தோல் மெலிந்து, பிரசவ வரி போல் தழும்பு விழும். அந்த வரி மறையாது.

இதனால்தான் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் உத்தரவு போட்டது. டியூப்பின் மேல் க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டாசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டிக் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பழைய மருந்துக்கு எளிதில் மசியாத காளான் வகை ஒன்று இப்போது நம் நாட்டில் பரவியிருக்கிறது. 2020-ல் அதற்குப் பெயர் வைத்தபோது இந்தியாவின் பெயரையே சேர்த்து வைத்தார்கள். ஆகவே நாமே வைத்தியம் பார்த்துக்கொள்ளும் காலம் இது இல்லை.

என்ன செய்யலாம்?

• ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ இலவசமாகக் காட்டலாம். பூசிய டியூப்பையும் கையோடு எடுத்துப் போங்கள்.

• களிம்பைப் புண்ணைச் சுற்றி இரண்டு விரல்கடை தள்ளியும் சேர்த்துப் பூசுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்தாமல் டாக்டர் சொன்ன நாள் வரை பூசுங்கள். மாத்திரைக்கும் இதுதான். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

• வீட்டில் யாருக்கெல்லாம் அரிப்பு இருக்கிறதோ எல்லோரும் ஒரே சமயத்தில் மருந்து எடுக்க வேண்டும். ஒருத்தர் விட்டுப்போனால் திரும்ப எல்லோருக்கும் வரும்.

• ஆளுக்கு ஒரு துண்டு. நோய் உள்ளவர் துணியைத் தனியாக வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரிய வெயிலில் காயப்போடுங்கள். ஈர உள்ளாடையை உடுத்தாதீர்கள்.

• குளித்ததும் இடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். சாக்ஸ் தினமும் மாற்றுங்கள். ஈரம் தங்கும் அரைஞாண் கயிற்றை நோய் ஆறும்வரை கழற்றி வையுங்கள்.

• அடிக்கடி திரும்ப வந்தால் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள்.

• சுண்ணாம்பு, ஆசிட், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகும்.

தேமலா, வேறா?

மார்பிலும் முதுகிலும் வெளிறிய திட்டாக வரும் தேமலும் காளான்தான். ஆனால் அது ஒட்டாது. மருந்தில் காளான் செத்தாலும் நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். பயந்து மருந்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஆனால் வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் உடனே காட்டுங்கள். அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு முழு மருந்தும் அரசு இலவசமாகத் தருகிறது, சீக்கிரம் பார்த்தால் ஊனம் வராது.

சகோதரிகளே, அரிப்பு வருவது அசிங்கம் இல்லை. நம் வெயிலும் நம் வேலையும் அப்படி. அடுத்த கூட்டத்தில் வரவு செலவு முடிந்ததும் ஊக்குநர் இதை வாசித்துக் காட்டட்டும். ஒருத்தர் "எனக்கும் இருக்கு" என்று வாய் திறந்தால் போதும். மறுநாள் நாலு பேர் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.