மலை ஏறப் போகுமுன்

பாசிர் கூடாங்கிலே நின்றுகொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் கண்ணில் படுவது செம்பனை, எண்ணெய்த் தொட்டிகள், புகைபோக்கிகள், துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் ஆகியவைதாம். மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வகுப்பிலே மலைகளைப் பற்றிப் பாடம் நடத்தியபோது ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, மலை அந்த எண்ணெய்த் தொட்டியைவிட உயரமாக இருக்குமா?" என்று கேட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்கும் பெற்றோருக்கு இந்த உரை உதவட்டும் என்று அன்றே நினைத்தோம்.

ஜொகூரில் மலைகள் இல்லாமல் இல்லை. கூலாய், பொந்தியான் பக்கம் 654 மீட்டர் உயரமுள்ள புலாய் மலை இருக்கிறது. குளுவாங் நகரை ஒட்டி 510 மீட்டரில் லம்பாக் மலை உண்டு. முதன்முறையாக ஏறுவோருக்கு ஏற்றது. அதே மாவட்டத்துப் பெலுமுட் மலை ஆயிரம் மீட்டரைச் சற்றுத் தாண்டும். இவற்றுக்கெல்லாம் மேலே தலை தூக்கி நிற்பது தங்காக் மாவட்டத்து லேடாங் மலை. அதன் உயரம் 1,276 மீட்டர். தீபகற்பத்தின் மிக உயர்ந்த மலையான தஹான் 2,187 மீட்டர். சபாவின் கினபாலு 4,095 மீட்டர். அவற்றோடு பார்த்தால் லேடாங் சிறியதே. ஆனால் அது ஏறக்குறைய சமவெளியிலிருந்து நேரே எழும்புகிறது. அடிவாரத்துச் சிற்றூரான சாகிலில் இறங்கி அண்ணாந்து பார்த்தால் உச்சியை மேகம் மூடியிருக்கும்.

இந்த மலைக்கு ஒரு பழங்கதை உண்டு. மலாக்காவை ஆண்ட சுல்தான் மாமூட், லேடாங் மலை இளவரசியைப் பெண் கேட்டுத் தூது அனுப்பினாராம். இளவரசி விதித்த நிபந்தனைகளைக் கேளுங்கள்: மலாக்காவிலிருந்து மலை வரை பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயம், கன்னிப் பெண்களின் கண்ணீர், கடைசியாக அரச குமாரனின் இரத்தம் ஒரு கிண்ணம். "வேண்டாம்" என்பதை இவ்வளவு நாகரிகமாகச் சொல்லலாம் என்பது நம் தோட்டத்துத் தாய்மார்களுக்குப் புதிதாக இராது!

கதையை விட்டு உண்மைக்கு வருவோம். ஆல்பிரட் ரசல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் 1854இல் மலாக்காவிலிருந்து நடந்து வந்து இந்த மலையில் ஏறினார். ஐரோப்பியர் இதை ஓஃபிர் மலை என்று அழைத்தார்கள். வழியெங்கும் அட்டைகள். மேலே ஒரு பாறைவெளியை அடைந்தபோது அவருடைய குழுவுக்குத் தாகம்; அருகில் தண்ணீர் இல்லை. அங்கே குடுவைச் செடிகள் ஏராளமாக இருந்தன. மலாய்க்காரர்கள் குரங்கின் பானை என்று பொருள்பட 'பெரியோக் கெரா' என்று சொல்வது இந்தச் செடியைத்தான். குடுவைக்குள் பூச்சிகள் மிதந்த அந்த நீரைத்தான் அவர்கள் குடித்துத் தாகம் தீர்த்தார்கள். வாலஸ் இதை 1869இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். நாம் அப்படிச் செய்ய வேண்டாம். ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று லிட்டர் தண்ணீரை முதுகில் சுமந்து போவோம். செடியையும் பிடுங்க வேண்டாம்.

மேலே போகப் போக ஏன் குளிர்கிறது? சூரியனுக்கு அருகில் போகிறோமே, சுட வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. சூரியனின் ஒளி முதலில் தரையைச் சூடாக்குகிறது. தரைதான் தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே எழும்பும்போது அங்கே அழுத்தம் குறைவாக இருப்பதால் விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. நூறு மீட்டருக்கு ஏறத்தாழ 0.6 பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. பாசிர் கூடாங்கில் 32 பாகை வெயில் அடிக்கும் நேரத்தில் லேடாங் உச்சியில் 24 பாகைதான் இருக்கும். இது சுகமான குளிர்தானே என்று எண்ணலாம். வேர்வையிலும் மழையிலும் சட்டை நனைந்து, அதன்மேல் மலைக்காற்றும் அடித்தால், நம்முடைய வெப்பநாட்டிலும் உடல் நடுங்கத் தொடங்கிவிடும். ஆகவே மாற்றுச் சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.

குளிரும் காற்றும் மரங்களையும் மாற்றிவிடுகின்றன. அடிவாரத்திலே வானளாவ நின்ற மரங்கள் மேலே போகப் போகக் குட்டையாகி, பாசி போர்த்தி, உச்சியிலே ஆள் உயரத்துக்குச் சுருங்கிவிடும். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் விளங்காதது நடந்து பார்த்தால் விளங்கும்.

இனி, இந்த உரையைப் பேசத் துணிந்ததற்கான காரணத்துக்கு வருவோம். மலையில் ஏறுகிறவர்களைவிட, அடிவாரத்து அருவியிலே குளிக்கப் போகிறவர்களே நம்மில் அதிகம். சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர்கள் மூவர் சேர்ந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு மலையடிவாரத்துக்கு அழைத்துப்போனோம். சமைத்துப் போட ஒரு மாணவியின் பாட்டியும் கூட வந்தார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். வெயில் பளிச்சென்று அடித்தது. பிள்ளைகள் ஆற்றின் நடுவே ஒரு பெரிய பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பாட்டி சட்டென்று நிமிர்ந்து, "வாத்தியாரய்யா, தண்ணி கோப்பி மாதிரி வருது, புள்ளைங்கள மேல ஏத்துங்க!" என்று கத்தினார். நாங்கள் முதலில் வானத்தைத்தான் பார்த்தோம். வானத்தில் மேகமே இல்லை. அந்த அரை நிமிடத் தயக்கம் எங்கள் பிழை. பாட்டி காத்திருக்கவில்லை, பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கரைக்கு விரட்டினார். கரையில் தலைகளை எண்ணினோம், ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணியபோதுதான் ஒருவன் கழிவறைக்குப் போயிருந்தது தெரிந்தது. எண்ணி முடிப்பதற்குள் அவர்கள் உட்கார்ந்திருந்த பாறை தண்ணீருக்குள் மறைந்துவிட்டது.

இதை மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். கீழே வெயில் அடித்தாலும் உச்சியில் பெருமழை பெய்துகொண்டிருக்கலாம். செங்குத்தான சரிவில் விழும் நீர் மண்ணில் ஊறுவதற்குள் வழிந்து, குறுகிய ஓடைகளில் சேர்ந்துவிடுகிறது. சில இடங்களில் விழுந்த மரங்களும் சருகுகளும் அணைபோல் நீரைத் தேக்கி வைக்கும். பாரம் தாங்காமல் அது உடையும்போது நீர் ஒரு சுவர்போல் இறங்கும். கெடாவின் ஜெராய் மலையில் 2021 ஆகஸ்டில் இப்படித்தான் வெள்ளமும் மரக்கட்டைகளும் சேர்ந்து இறங்கி உயிர்களைப் பலி கொண்டன. நம் புலாய் மலையிலே 2001 டிசம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் மண்சரிந்து, அடிவாரத்தில் வாழ்ந்த ஒரே குடும்பத்தினர் மாண்டார்கள். அதன்பின் அங்கிருந்த பொழுதுபோக்கு இடம் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது.

தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, பச்சிலைகளும் குச்சிகளும் மிதந்து வருவது, லாரி வருவதுபோல் மேலே ஓர் இரைச்சல் கேட்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பக்கத்தில் இருக்கும் கரைமேட்டில் ஏறிவிடுங்கள். செருப்பு, கைப்பேசி, சாப்பாட்டுப் பாத்திரம் எதற்காகவும் திரும்பாதீர்கள். மறுகரையில் வண்டி நிற்கிறது என்று ஆற்றைக் கடக்கவும் வேண்டாம்; நீர் வடியும்வரை கரையிலேயே காத்திருங்கள். மலையின்மேல் கருமேகம் கவிந்திருந்தால் அன்று ஆற்றில் இறங்காமல் இருப்பதே புத்தி.

லேடாங் உச்சிக்கே போக விரும்புவோர் பூங்கா அலுவலகத்தில் பெயர் பதிந்து, வழிகாட்டியுடன்தான் ஏற வேண்டும். பாதையில் கயிறும் இரும்பு ஏணியும் பிடித்து ஏறும் இடங்கள் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு அது ஆகாது. விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். பெரட்டுக்கு எழுந்து பழகிய நமக்கு இது பெரிய காரியமில்லை. விலை உயர்ந்த சப்பாத்தும் வேண்டியதில்லை. பால் வெட்டுவோர் காலில் மாட்டுகிற, 'கம்போங் அடிடாஸ்' என்று வேடிக்கையாகச் சொல்லப்படும் கறுப்பு ரப்பர் சப்பாத்து சேற்றிலும் பாறையிலும் நன்றாகப் பிடிக்கும். மலை வழிகாட்டிகள் பலர் அதைத்தான் போடுகிறார்கள். வழி தவறிவிட்டால் மேலும் நடக்காமல், நின்ற இடத்திலேயே இருந்து மும்மூன்று முறையாக விசில் ஊதுங்கள். தேடி வருவோர் கடைசியாக உங்களைக் கண்ட இடத்திலிருந்துதான் தேடத் தொடங்குவார்கள்.

"மலையேற்றமெல்லாம் காசு உள்ளவர்களுக்கு, நமக்கு எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். 1997 மே 23ஆம் நாள் எவரெஸ்டின் உச்சியில் மலேசியக் கொடியை முதன்முதலாக ஏற்றியவர்கள் இருவர்: எம். மகேந்திரன், என். மோகன்தாஸ். இருவரும் நம் பெயர்களைத் தாங்கியவர்கள். எண்ணெய்த் தொட்டியைப் பற்றிக் கேட்ட அந்தச் சிறுவனுக்கு இந்தச் செய்தியைச் சொன்னபோது, அவன் அடுத்து கேட்டது லம்பாக் மலைக்குப் பேருந்துக் கட்டணம் எவ்வளவு என்பதுதான்.

இன்னொன்று. இறங்கி வந்ததும் களைப்பிலே நேரே வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் சிலர். அலுவலகத்தில் திரும்பி வந்ததைப் பதியாவிட்டால், நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேடி இருட்டில் ஆட்கள் காட்டுக்குள் போக நேரும். பெயரை எழுதிவிட்டு, பிள்ளைகளின் கால்விரல் இடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.