பழைய காருக்குப் புதிய ஒளி

நுழையும்முன்

இரவில் செல்லும் ஊர்திக்குக் கண்போல் அமைவது முகப்பு விளக்கு. வாங்கிப் பல ஆண்டுகளான கார்களில் இவ்விளக்கின் ஒளி மங்கிவிடுவது உண்டு. அப்போது கடைக்குச் சென்று, 'இதைவிட வெளிச்சமான பல்பு கொடுங்கள்' என்று கேட்டு வாங்கி மாட்டிவிடுவது பலரது வழக்கம். அது போதுமா? ஒளி ஏன் மங்குகிறது? எந்தப் பல்பு ஏற்றது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம். அறிவியல் வகுப்பில் நீங்கள் வேறு மொழியில் படித்த செய்திகள் சிலவற்றைத் தமிழில் சொல்லிப் பழகவும் இது துணைசெய்யும்.

ஓர் இரவுப் பயணம்

மாணவர்களே! பணிமாறுதல் பெற்று ஜபல்பூருக்கு வந்த ஆண்டில், ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கினேன். பகலில் குறை எதுவும் தெரியவில்லை. இரவில் மட்டும் விளக்கொளி மஞ்சள் பூத்து, சாலையில் மங்கலாக விழுந்தது. உதிரிபாகக் கடை ஒன்றில் கேட்டேன். '100/90 வாட், நீலக் கண்ணாடி. எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்' என்று இரண்டு பல்புகளை எடுத்து வைத்தனர். அவற்றை வாங்கி மாட்டினேன். முன்பிருந்த பல்புகளைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்தேன்.

டிசம்பர் விடுமுறையில் என் தாயார் ஊரிலிருந்து நாகபுரி வரை இரயிலில் வந்தார். அவரை அழைத்துவரக் காரில் சென்றேன். திரும்பும் வழியில் சிவனி நகரைக் கடந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. எதிரே மிதிவண்டியில் வந்த முதியவர் ஒருவர் எங்கள் விளக்கின் ஒளி தாங்காமல் ஒரு கையால் கண்ணை மறைத்தார். வண்டி நிலைதடுமாறிச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. நான் காரை நிறுத்திவிட்டு ஓடினேன். முழங்கையில் சிராய்ப்பு, நல்வாய்ப்பாக வேறு காயமில்லை. 'கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஐயா' என்று இந்தியில் சொன்னார். நான் 'டிம்' ஒளியில்தான் ஓட்டிவந்தேன். ஆயினும் இது நேர்ந்தது.

காரில் ஏறியதும் அம்மா, "நமக்கு வெளிச்சம் வேணும்னு அவரு கண்ணை மறைச்சிட்டியேப்பா" என்றார். நான் மறுமொழி கூறவில்லை.

இன்னும் சில கிலோமீட்டர் சென்றதும் பிளாஸ்டிக் கருகும் நெடி எழுந்தது. இடப்பக்க விளக்கு அணைந்தது. ஒற்றை விளக்குடன் மெல்ல ஊர்ந்து, லக்னாதோன் அருகே ஒரு தாபாவை அடைந்தோம். விடியும்வரை அங்கேயே இருந்தோம். காலையில் வாகன மின்பணியாளர் ஒருவர் வந்து பார்த்தார். பல்பைத் தாங்கும் ஹோல்டர் உருகியிருந்தது. அவர் அன்று காட்டியவற்றையும், பின்னர் நான் படித்து அறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

விளக்கின் அமைப்பு

பல்பு மட்டுமே முகப்பு விளக்கு ஆகாது. பல்பு, அதன் பின்னுள்ள குழிந்த எதிரொளிப்பான், முன்னுள்ள மூடி ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒளிக்கற்றையை உருவாக்குகின்றன.

நம் நாட்டின் பழைய கார்கள் பலவற்றில் உள்ளது 'எச்4' என்னும் ஹாலஜன் பல்பு. இதனுள் டங்ஸ்டனால் ஆன இரண்டு மின்னிழைகள் உள்ளன. தொலைவைக் காட்டும் 'பிரைட்' ஒளிக்கு 60 வாட் இழை. எதிரே வண்டி வரும்போது பயன்படும் 'டிம்' ஒளிக்கு 55 வாட் இழை. பல்பின்மேல் 60/55 என்று பொறித்திருப்பதன் பொருள் இதுவே. 'டிம்' இழையின் அடியில் கிண்ணம் போன்ற சிறிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. எதிரொளிப்பானின் கீழ்ப்பகுதியில் ஒளி விழாதவாறு அது தடுக்கிறது. கீழ்ப்பகுதியில் பட்டால் மேல்நோக்கிச் செல்லக்கூடிய கதிர்கள் இவ்வாறு நீக்கப்படுகின்றன. எனவே ஒளி எதிரே வருபவரின் கண்மட்டத்திற்குக் கீழேயே நிற்கிறது. நாம் சாலையின் இடப்பக்கமாகச் செல்வதால், இடப்பக்க ஓரத்தில் மட்டும் ஒளி சற்று மேலேறி, நடந்து செல்வோரையும் அறிவிப்புப் பலகைகளையும் காட்டுகிறது.

இந்த ஏற்பாடு முழுவதும் மின்னிழை தனக்குரிய இடத்தில் மிகச் சரியாக அமைந்திருப்பதைப் பொறுத்தது. இழை சிறிதளவு விலகினாலும் ஒளிக்கற்றை சிதறும்.

இன்னும் பழைய வண்டிகள் சிலவற்றில் 45/40 வாட் பல்புகள் இருக்கும். அவற்றின் அடிவளையம் அளவில் வேறுபட்டது. எச்4 பல்பு அதில் நேராகப் பொருந்தாது. ஆகவே, கடைக்குச் செல்லுமுன் பழைய பல்பில் உள்ள எழுத்துகளைப் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வாட் வேறு, ஒளி வேறு

வாட் என்பது பல்பு செலவிடும் மின்திறனின் அளவு. பல்பு தரும் ஒளியை அளக்கும் அலகு லூமென். 13.2 வோல்ட் மின்னழுத்தத்தில் தரமான எச்4 பல்பு ஒன்று பிரைட் நிலையில் ஏறக்குறைய 1650 லூமெனும், டிம் நிலையில் ஏறக்குறைய 1000 லூமெனும் தர வேண்டும்.

ஒளியை இருமடங்காக்கினால் பார்வை செல்லும் தூரமும் இருமடங்காகும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. தூரம் இருமடங்காகும்போது ஒளிச்செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. எனவே ஒளியை இருமடங்காக்கினாலும் தூரம் ஏறத்தாழ 1.4 மடங்கே கூடும். எதிரே வருபவரின் கண்ணில் விழும் ஒளியோ முழுமையாக இருமடங்காகிவிடும்.

மின்கம்பியின் பங்கு

மின்திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 12 வோல்ட் எனக் கொண்டால், 60 வாட் இழைக்கு 5 ஆம்பியர் தேவை. 100 வாட் இழைக்கு ஏறத்தாழ 8.3 ஆம்பியர் தேவை. கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆகவே மின்னோட்டம் 1.67 மடங்காகும்போது வெப்பம் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. 60/55 வாட் பல்புக்காக அமைத்த பழைய கம்பியும் இணைப்பும் இதைத் தாங்கா. என் காரின் ஹோல்டர் உருகியதற்குக் காரணம் இதுவே.

முதலில் ஒளி மங்கியது ஏன்? மின்பணியாளர், டிக்கியிலிருந்த என் பழைய பல்பை வலப்பக்க விளக்கில் மாட்டினார். எஞ்சினை இயக்கி, பாட்டரியின் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்தார், 13.8 வோல்ட் இருந்தது. ஹோல்டரில் அளந்தார், 12.4 வோல்ட்தான் இருந்தது. எஞ்சிய 1.4 வோல்ட், தேய்ந்த சுவிட்சிலும் பச்சை பூத்த இணைப்புகளிலும் துருவேறிய எர்த் முனையிலும் வீணாகிவிட்டது. இது பத்தில் ஒரு பங்கு இழப்பே. ஆனால் இழை விளக்குகளில் மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்துவிடும். பல்பில் குறையில்லை, அதற்கு வரவேண்டிய மின்சாரமே முழுமையாக வரவில்லை.

இதற்குத் தீர்வு 'ரிலே' என்னும் சிறு கருவி. பாட்டரியிலிருந்து தடித்த புதுக் கம்பி ஒன்று, ஃபியூஸ் வழியாகவும் ரிலே வழியாகவும் நேரே விளக்குக்குச் செல்லும். பழைய சுவிட்சின் வழியே ரிலேவை இயக்கும் சிறிய மின்னோட்டம் மட்டுமே செல்லும். எர்த் முனையையும் தேய்த்துத் தூய்மை செய்துவிட்டால், பழைய பல்பே புதிய பல்புபோல் ஒளிரும்.

நிறமும் புதிய வகைகளும்

ஹாலஜன் ஒளி சற்று மஞ்சள் சார்ந்த வெண்மை உடையது. அதன் நிற வெப்பநிலை ஏறத்தாழ 3200 கெல்வின். நீலப் பூச்சுள்ள பல்புகள் பளிச்சென்று தோன்றும். ஆனால் அந்தப் பூச்சு ஒளியில் ஒரு பகுதியைத் தடுத்தே நீல நிறத்தைத் தருகிறது. கண்ணைக் கவர்வதும் சாலையைக் காட்டுவதும் ஒன்றல்ல.

'நூறு விழுக்காடு கூடுதல் ஒளி' என்று அட்டைப்பெட்டியில் எழுதிய பல்புகளும் கிடைக்கின்றன. இவை 60/55 வாட் அளவிலேயே, இழையைச் செறிவாகச் சுற்றியும் உள்ளிருக்கும் வாயுவை மாற்றியும் செய்யப்படுபவை. அந்த விழுக்காடு சாலையின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் விழும் ஒளியைக் குறிப்பதே அன்றி, மொத்த ஒளியைக் குறிப்பதன்று. கம்பிக்குத் தீங்கு செய்யாமல் ஒளியைக் கூட்ட விரும்புவோர்க்கு இவை ஏற்றவை. ஆனால் இவற்றின் ஆயுள் குறைவு.

எல்.இ.டி. பல்பைப் பழைய எதிரொளிப்பானில் பொருத்தினால் வேறொரு சிக்கல் எழும். மின்னிழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும். எல்.இ.டி. தட்டையான பரப்பிலிருந்து ஒளி வீசும். இழைக்கென வடிவமைத்த எதிரொளிப்பான் இந்த ஒளியை எதிர்பார்த்த வகையில் திருப்ப இயலாது. அதனால் எதிரே வருபவருக்குக் கண்கூச்சம் ஏற்படக்கூடும். மேலும், உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

எந்த வரிசையில் செய்வது?

1. விளக்கின் மூடி மஞ்சளாகவோ புகைபடிந்தோ இருந்தால் முதலில் அதைத் தூய்மை செய்க. எதிரொளிப்பான் துருப்பிடித்திருந்தால் விளக்கையே மாற்றுக.
2. பாட்டரியிலும் ஹோல்டரிலும் மின்னழுத்தத்தை அளக்கச் செய்க. வேறுபாடு மிகுதியானால் இணைப்புகளைச் சீர்செய்து ரிலே பொருத்துக.
3. அதன் பின்னரும் ஒளி போதாதெனில், அதே வாட் அளவில் தரமான பல்பு வாங்குக. இரண்டையும் ஒருசேர மாற்றுக.
4. பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மிகச் சூடாகிப் பல்பு விரைவில் கெடும்.
5. இறுதியாக விளக்கின் நோக்கைச் சரிபார்க்க. சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தொலைவில் காரை நிறுத்தி, டிம் ஒளியைச் சுவரில் வீழ்த்துக. ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் நடுப்புள்ளி இருக்கும் உயரத்தைவிட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும்.

ஐந்தாவது படியில்தான் அன்றைய என் பிழையும் தெரிந்தது. விளக்கு முன்பே சற்று மேல்நோக்கி இருந்தது. பின்னிருக்கையில் அம்மாவும் பெட்டிகளும் இருந்ததால் காரின் முன்பகுதி மேலும் உயர்ந்தது. அதன்மேல் 90 வாட் ஒளியும் சேர்ந்தது. டிம் ஒளியே அம்முதியவரின் கண்ணுக்கு நேராகச் சென்றுவிட்டது.

லாரிகளின் பின்புறம் 'இரவில் டிப்பர் பயன்படுத்துக' என்னும் பொருள்பட எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எதிரே வருபவருக்காக ஒளியைத் தாழ்த்தச் சொல்லும் வேண்டுகோள் அது. விளக்கின் நோக்கு தவறாக இருந்தால் டிப்பரை இயக்கியும் பயனில்லை.

அடுத்த மாதம் அம்மாவை இரயிலேற்ற அதே சாலையில் நாகபுரிக்குச் சென்றேன். புதிய கம்பி, ரிலே, பழைய 60/55 பல்புகள். விடியுமுன் இருளில் பால் கேன்களுடன் மிதிவண்டிகள் பல எதிரே வந்தன. ஒருவரும் கையை உயர்த்திக் கண்ணை மறைக்கவில்லை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சொல்லும் பொருளும்

எதிரொளிப்பான் – ஒளியைத் திருப்பி அனுப்பும் பரப்பு
ஒளிக்கற்றை – ஒருசேரச் செல்லும் கதிர்களின் தொகுதி
இருமடி – ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கிப் பெறுவது
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு
நெடி – மூக்கைத் தாக்கும் கடுமையான வாடை

மதிப்பீடு

அ) கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. பல்பு தரும் ஒளியை அளக்கும் அலகு ________.
2. எச்4 பல்பினுள் ________ மின்னிழைகள் உள்ளன.

ஆ) பிரித்து எழுதுக.
மின்னிழை, கண்மட்டம், விளக்கொளி

இ) குறுவினா
1. 'டிம்' இழையின் அடியிலுள்ள தகட்டின் பயன் யாது?
2. 90 வாட் இழைக்கு 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் மின்னோட்டம் தேவை?

ஈ) சிந்தனை வினா
உங்கள் வீட்டு வண்டியின் விளக்கு மங்கலாக உள்ளது. உடனே புதிய பல்பு வாங்கலாம் என்கிறார் உங்கள் மாமா. முதலில் செய்ய வேண்டியவற்றை அவருக்கு எடுத்துரைக்கும் வகையில் ஓர் உரையாடல் எழுதுக.