கடைசல் யந்திரத்தின் வேகமும் அதனை நிறுத்தும் வழியும்

2019ஆம் வருஷத்தில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்ட பழைய வேலூர் ஜில்லாவில், பாலாற்றை அடுத்த நிலங்களின் சாகுபடி பெரும்பாலும் கிணற்று நீரையே நம்பியிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களின் தோல் பதனிடும் சாலைகளிலிருந்து நெடுங்காலம் வெளியேறிய கழிவுநீரால் இக்கிணறுகளிற் பலவற்றின் நீர் உப்பேறிப் போயிற்று. இப்பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுவதுமாகவோ ஒரு பகுதியோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்றென்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்ட கணக்கு, 1996 ஆகஸ்டு 28ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பிலேயே எடுத்துக் காட்டப்பட்டிருக்கிறது. உப்பு நீர் பயிரை மாத்திரம் கெடுப்பதன்று. பம்பின் ஷாப்டையும் விசிறியையும் அரிக்கும் தன்மையும் அதற்கு உண்டு. ஆகவே ஷாப்டுக்குப் புது உறை போடவும், புஷ் கடைந்து கொள்ளவும் நமது குடியானவர்கள் லேத் பட்டறையை நாட வேண்டியிருக்கிறது.

பட்டறைக்குச் செல்லும் குடியானவர், தம் சாமான் தயாராகும் வரையில் யந்திரத்தின் பக்கத்திலேயே நிற்பது வழக்கம். தோளில் துண்டும், இடுப்பில் வேஷ்டியுமாகச் சுழலும் ஷாப்டின் மேல் குனிந்து பார்ப்பவரும் உண்டு. ஆகையால் கடைசல் யந்திரத்தின் அபாயம் பட்டறைக்காரருக்கு மட்டும் உரியதன்று, குடியானவருக்கும் உரியதே. இப்போது பல பட்டறைகளில் வேகத்தை மாற்றும் மின்சார டிரைவ்கள் பொருத்தப்பட்டு வருவதால், இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்தல் அவசியமாகிறது.

வேகம் மாற்றும் முறை

முற்காலத்துப் பட்டறைகளில் கூரையின் கீழ் நீண்டதொரு ஷாப்ட் ஓடும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் ஒவ்வொரு யந்திரத்துக்கும் இறங்கும். படிப்படியாக அமைந்த கப்பியில் பெல்ட்டை ஒரு படியிலிருந்து மற்றொரு படிக்குத் தள்ளி வேகத்தை மாற்றுவார்கள். பின்னர் ஒவ்வொரு லேத்துக்கும் தனி மோட்டாரும் கியர்ப் பெட்டியும் வந்தன. 1941ல் ஹரிஹரில் தொடங்கப்பட்ட மைசூர் கிர்லோஸ்கர், 1953ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட எச்.எம்.டி. ஆகிய சாலைகள் இத்தகைய லேத்துகளை நம் நாட்டிலேயே செய்து கொடுத்தன.

இப்போதைய டிரைவின் வேலை வேறு விதமானது. அது 50 சுழற்சியுள்ள மின்சாரத்தை முதலில் நேர் மின்சாரமாக மாற்றி, பின்பு வேண்டிய சுழற்சியுள்ள மும்முனை மின்சாரமாகத் திரும்ப ஆக்கி மோட்டாருக்கு அளிக்கிறது. 50 சுழற்சியில் நிமிஷத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டார், 25 சுழற்சியில் ஏறக்குறைய 700 சுற்றே ஓடும். வீட்டு மின்சாரம் போன்ற ஒருமுனை மின்சாரத்தைக் கொண்டு சிறிய மும்முனை மோட்டாரை ஓட்டும் டிரைவ்களும் உண்டு. அவற்றை வைப்பதற்கு முன் மோட்டாரின் தகட்டைப் படித்து, அது 230 வோல்ட்டில் டெல்டா இணைப்பில் ஓடத் தக்கதா என்று தெரிந்து கொள்ள வேண்டும்.

இதனால் விளையும் நன்மையை ஓர் உதாரணத்தால் அறியலாம். 200 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பம்பு மூடியின் முகத்தை நிமிஷத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகத்தில் கடைய வேண்டுமானால், விளிம்பில் 40 சுற்றுப் போதும். கத்தி உள்ளே நகர்ந்து குறுக்களவு 25 மில்லிமீட்டராகக் குறையும் இடத்தில் 318 சுற்று வேண்டும். கியரை மட்டும் கொண்டு இதைச் செய்ய யந்திரத்தைப் பல முறை நிறுத்த வேண்டும். டிரைவ் இருந்தால் குமிழைத் திருப்பினால் போதும்.

எனினும் டிரைவ் வந்துவிட்டதென்று கியரையும் பெல்ட்டுப் படியையும் கைவிடலாகாது. சுழற்சியைப் பாதியாகக் குறைத்தால் மோட்டாரின் குதிரைசக்தியும் பாதியாகும். கியரால் வேகத்தைக் குறைத்தாலோ திருகு பலம் பெருகும். மிகக் குறைந்த வேகத்தில் மோட்டாரின் விசிறி போதிய காற்றைத் தராது. ஆதலால் மோட்டார் சூடேறும். கனத்த வேலைக்குக் கியரும், நுண்ணிய மாறுதலுக்கு டிரைவும் என்று வைத்துக் கொள்வதே உத்தமம். 50க்கு மேல் சுழற்சியை உயர்த்துகிறவர்கள், சக்கின் மேல் பொறித்துள்ள உச்ச வேகத்தை ஒருபோதும் தாண்டலாகாது.

அபாயம் எங்கே?

50 மில்லிமீட்டர் ஷாப்ட் நிமிஷத்துக்கு 600 சுற்று ஓடினால், ஒரு வினாடியில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் துணியைச் சுற்றிக் கொள்ளும். அதாவது ஒரு துண்டு முழுவதும் ஒரு வினாடியில் போய்விடும். அதன் பின்னே கழுத்தோ கையோ போகும். உப்புத்தாளை விரலிற் சுற்றி ஷாப்டுக்கு மெருகு ஏற்றும் வழக்கம் இவ்விதமே விரலைப் பறிக்க வல்லது. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துப் பட்டறையில், இரவில் தனியே வேலை செய்த மாணவி ஒருத்தி, தலைமயிர் லேத்தில் சிக்கி உயிரிழந்தாள். கற்றோர் நிறைந்த இடத்திலும் யந்திரம் தாட்சணியம் பார்ப்பதில்லை.

ஆகையால் முதல் காப்பு விலகி நிற்பதே. பார்க்க வந்தவர் நிற்பதற்கு மூன்றடி தூரத்தில் தரையில் கோடு போட்டு வைக்கலாம். துண்டை எடுத்து வைத்துவிட்டே அருகிற் செல்ல வேண்டும். உப்புத்தாளை மரக்கட்டையில் வைத்துப் பிடிக்க வேண்டும். இவற்றையும் மீறி விபத்து நேருமாயின், அதற்கு அடுத்த காப்பு அவசர நிறுத்தப் பொத்தானாகும்.

நிறுத்தப் பொத்தான்

டிரைவின் முகத்திலுள்ள நிறுத்தும் விசையே போதுமென்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. அந்த விசை வேலைக்கு உரியது, ஆபத்துக்கு உரியதன்று. டிரைவ் பெரும்பாலும் சுவரிலோ யந்திரத்தின் பின்புறத்திலோ இருக்கும். ஒரு கை சிக்கியவனுக்கு எட்டாது. அவசரப் பொத்தான் மஞ்சள் பின்னணியில் சிவந்த காளான் வடிவமாக, அழுத்தினால் அழுந்தியே நின்று, திருப்பினால்தான் விடுபடுவதாக இருத்தல் வேண்டும். கடைசற்காரன் நிற்கும் இடத்தில் இடுப்பு உயரத்தில் ஒன்றும், உதவியாள் எட்டும்படி மறு கோடியில் ஒன்றும் அமைப்பது நலம். அதன் கம்பி அறுந்து போனாலும் யந்திரம் நிற்கும்படியாக, சாதாரண நிலையில் மூடியிருக்கும் தொடர்பையே உபயோகிக்க வேண்டும்.

பொத்தானை அழுத்தியதும் என்ன நிகழ்கிறது என்பதே முக்கியமானது. மின்சாரத்தை மட்டும் துண்டித்தால், கனத்த சக் தன் வேகத்தினால் மேலும் பல வினாடி சுழலக் கூடும். சிக்கிய கைக்கு அவ்வினாடிகள் மிக நீண்டவை. தடை மின்கம்பிச் சுருளுடன் கூடிய டிரைவ், சுழலும் சக்கின் சக்தியை அச்சுருளில் வெப்பமாகச் செலவழித்து, மோட்டாரை விரைவில் நிறுத்தும். அவ்வாறு நின்ற பின்பே, சற்றுத் தாமதித்து இயங்கும் ரிலே மூலம், டிரைவுக்கு வரும் மின்சாரத்தைக் காண்டாக்டர் துண்டிக்க வேண்டும். முதலிலேயே துண்டித்தால் இவ்விதத் தடை வேலை செய்யாது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே காண்டாக்டர் வைத்து ஓட்டத்தில் திறப்பது டிரைவைக் கெடுக்கும்.

இங்கே பழைய லேத்து வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரை மூலம் திருகி ஏற்றப்பட்ட சக், யந்திரம் திடீரென்று நின்றால் தானே கழன்று வெளியே பாயக் கூடும். அத்தகைய யந்திரத்தில் சக்குக்குப் பூட்டுப் போட வேண்டும். இயலாவிடில் நிற்கும் காலத்தைச் சற்று நீட்டி வைக்க வேண்டும். பெல்ட் தளர்ந்திருந்தால் மோட்டார் நின்றும் சக் நில்லாது என்பதையும் மறக்கலாகாது.

மின்சாரம் நின்று மீண்டும் வருவது நமக்குப் புதிதன்று. மின்சாரம் வந்தவுடன் டிரைவ் தானே புறப்படும் ஏற்பாடு அதில் இருக்குமானால், அதை நீக்கிவிட வேண்டும். பொத்தானை விடுவித்தாலும் யந்திரம் புறப்படலாகாது. தனியே ஓட்டும் விசையை அழுத்தினால்தான் புறப்பட வேண்டும்.

டிரைவைத் திறக்கும் எலக்ட்ரீஷியன், மெயினை அணைத்த பின்பும் குறைந்தது 10 நிமிஷம் பொறுக்க வேண்டும். உள்ளே தேங்கிய மின்சாரம் உயிரைக் கொல்லும். இரும்புத் தூள் புகாத பெட்டியும் நல்ல எர்த்தும் அவசியம். தோல் சாலைகளை அடுத்த பட்டறைகளில் சல்பைடு ஆவி செம்புத் தொடர்புகளைக் கறுக்கச் செய்யும். ஆதலின் அவற்றை அடிக்கடி பார்வையிட வேண்டும்.

சோதனையும் முடிவும்

அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் ஒவ்வொரு வேலை அறையிலும் இருக்க வேண்டுமென்று 1948ஆம் வருஷத்திய பாக்டரிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு விதித்தது. ஆனால் மின்சாரம் கொண்டு 10 பேருக்குக் குறைவாக வேலை செய்த சிறு பட்டறைகள் பொதுவாக அச்சட்டத்துக்கு உட்படவில்லை. நமது ஊர்களின் லேத் பட்டறைகளிற் பல அத்தகையவையே. ஆகவே இங்கே சட்டத்தை எதிர்பார்த்திராமல், சொந்தக்காரரே இதைத் தம் கடமையாகக் கொள்ள வேண்டும்.

மாதம் ஒரு முறை, சாமான் ஏதும் மாட்டாமல் மெதுவாக ஓட்டி, மூன்று சோதனைகள் செய்க. பொத்தானை அழுத்தி, சக் எத்தனை வினாடியில் நிற்கிறதென்று எண்ணுக. பொத்தானை விடுவித்து, யந்திரம் அசையாதிருக்கிறதா என்று பார்க்க. பின்பு ஓடும்போது மெயினை அணைத்து மீண்டும் போட்டு, தானே புறப்படாதிருக்கிறதா என்று பார்க்க. மூன்றிலும் தேறினால்தான் அந்த யந்திரம் வேலைக்கு உரியது.

கையிலுள்ள பணம் ஒன்றுக்கே போதுமாயின், பொத்தானும் காண்டாக்டரும் முதலில் வாங்குக. டிரைவ் பின்னால் வரட்டும். அவற்றின் செலவு டிரைவின் விலையில் ஒரு சிறு பங்கே. ஷாப்ட் கடைய வரும் குடியானவர்களும், நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறதென்று பட்டறைக்காரரைக் கேட்டறிந்த பின்பே யந்திரத்தை ஓட்டச் சொல்ல வேண்டும். வேகம் குறைந்த யந்திரத்தால் ஒரு மணி நேரம் வீணாகலாம். நிற்காத யந்திரத்தால் ஏர் பிடிக்கும் கையே போய்விடும்.