பகிரும் பாடலில் விடுபடும் பெயர்கள்

அண்மையில் கேட்ட பாடல் எதுவென்று நண்பர்கள் வினவினால், இணைப்பை உடனே அனுப்பிவிடுகிறோம். எழுதியவர் யார், பறை இசைத்தவர் யார் என்பதை அனுப்புவதில்லை.

2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’யை எழுதியவர் அறிவு, தீயுடன் இணைந்து பாடியவரும் அவரே. அதே ஆண்டு ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். புகழ்பெற்ற கலைஞருக்கே இந்நிலை.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, உரிமையை விற்றுவிட்ட பின்னரும் படைப்பைத் தமதென உரிமை கோரும் அதிகாரம் படைப்பாளருக்கு உண்டு. 2012 திருத்தம் 38-பி பிரிவைச் சேர்த்து, நிகழ்த்துகலைஞரும் தம் பெயரால் அடையாளம் காட்டப்பட வழிசெய்தது.

எனினும் அத்திருத்தத்திலேயே ஒரு விலக்கு உள்ளது. திரைப்படத்தில் ஒருவரது பங்களிப்பு தற்செயலானதாகவோ துணைநிலையிலோ இருந்து, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியல் உட்பட எங்கும் அவர் குறிப்பிடப்படாவிட்டால், பெரும்பாலான நோக்கங்களுக்கு அவர் ‘நிகழ்த்துகலைஞர்’ ஆகமாட்டார். பெயரைப் போடாத வழக்கமே உரிமையை மறுக்கும் காரணமாகிறது! அவ்வழக்கத்தை உருவாக்கியதில் சாதிக்குப் பங்கில்லை என்று எவரும் கூற முடியுமா? சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடிக்க அழைத்த ஊர், அடித்தவரின் பெயரை எங்கே எழுதி வைத்தது?

ஆகவே, திரைப்படப் பணிக்குச் செல்லும் பறைக்குழுத் தோழர்கள், ஊதியத்துடன் பெயர்ப்பட்டியலில் தம் ஒவ்வொருவர் பெயரும் இடம்பெறும் என்ற உறுதியையும் முன்கூட்டியே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம். குழுவின் பெயர் மட்டும் போதாது.