பட்டியலில் ஏறிய வீடு

‘உங்கள் வீடு பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்பட உள்ளது’ என்று ஒரு நோட்டீஸ் வந்தால், பழைய வீட்டுக்காரருக்கு முதலில் வருவது பயம். வீட்டை அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமா, விற்க விடமாட்டார்களா, ஒழுகுகிற கூரைக்கு ஓடு மாற்றக்கூட அலைய வேண்டுமா என்று தூக்கம் போய்விடும். அந்த நேரம் பார்த்து, “பட்டியல் வர்றதுக்குள்ள இடிச்சுடுங்க சார், காலி மனைக்குத்தான் விலை” என்று சொல்ல ஒரு தரகரும் வந்து சேர்வார். இந்த மூன்று பயங்களில் முதல் இரண்டுக்கும் விதிகளில் இடமே இல்லை. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி தெரியாமல்தான் பலர் அவசரப்பட்டு வீட்டை இழக்கிறார்கள்.

புதுச்சேரியை எடுத்துக்கொள்வோம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டி, உயர்ந்த மதிலும் வளைவு வாசலுமாகப் பிரெஞ்சுப் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. சுற்றுலா வருபவர்கள் முதலாவதைப் படம் பிடித்துப் போகிறார்கள். இழப்பு அதிகம் இரண்டாவதில்தான். தமிழர் தெருவில் வீட்டுக்கு முன்னால் திண்ணை, அதற்கும் வெளியே மரத்தூண்கள் தாங்கும் சாய்கூரைத் தாழ்வாரம். ஒரு வீட்டுத் தாழ்வாரம் முடியும் இடத்தில் அடுத்த வீட்டுத் தாழ்வாரம் அதே உயரத்தில் தொடங்கும். மழைக்கும் வெயிலுக்கும் யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். நடுவில் ஒரு வீட்டை இடித்து, கீழே ஷட்டர் போட்ட நான்கு மாடி எழுப்பினால் அந்த வரிசை அறுந்துபோகிறது. பொதுச்சுவரில் ஒன்றை ஒன்று தாங்கி நின்ற பக்கத்து வீடுகளிலும் விரிசல் விழுகிறது. பாரம்பரிய விதிகள் ஒற்றைக் கட்டடத்தோடு நிற்காமல் தெருவையே ஓர் அலகாகப் பார்ப்பது இதனால்தான்.

1990களின் நடுவில், பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு கணக்கெடுத்தபோது இந்த நகரத்தில் சுமார் 1,800 பாரம்பரியக் கட்டடங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி இன்று இல்லை. இன்னொரு பக்கம், வைசியாள் வீதியைப் போய்ப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், பிரான்சின் வில்நவ்-சுர்-லோவும் இத்தாலியின் உர்பினோவும் கைகோக்க, 2000களின் தொடக்கத்தில் அந்தத் தெருவில் சுமார் 20 வீடுகளின் முகப்புகள் வரிசையாகச் சீரமைக்கப்பட்டன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது அதற்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் யாரும் அதற்காகத் தன் சொத்துரிமையை எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, பட்டியலில் ஏறினால் என்னதான் மாறும்? சொத்து உங்கள் பெயரிலேயே இருக்கும். விற்கலாம், தானமாகக் கொடுக்கலாம், அடமானம் வைக்கலாம், வாடகைக்கு விடலாம். மாறுவது ஒன்றே. இடிக்கவும், கூட்டிக் கட்டவும், முகப்பை மாற்றவும் முன் அனுமதி வேண்டும். பல ஊர்களின் விதிகளில் பழுதுபார்ப்பும், வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பதும், பூச்சும், பெயர்ப்பலகையும்கூட இந்த வரம்புக்குள் வரும். நான் சொன்ன ‘பாதி உண்மை’ இதுதான். புதுச்சேரியில் அனுமதி தருவது நகர அமைப்புக் குழுமம். அதற்கு ஆலோசனை சொல்ல மாநில அளவில் பாரம்பரியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. சென்னையில் சி.எம்.டி.ஏ.வின் கீழ் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு இருக்கிறது.

எல்லா வீட்டுக்கும் ஒரே கட்டுப்பாடு என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகள் கட்டடங்களை மூன்று தரமாகப் பிரிக்கின்றன. முதல் தரத்தில் உள்ளேயும் வெளியேயும் கை வைக்கக் கூடாது. கட்டடத்தைப் பலப்படுத்தத் தேவையான வேலை மட்டும் விலக்கு. இரண்டாம் தரத்தில் உட்புற மாற்றங்கள் பெரும்பாலும் நடக்கும். முகப்புக்குத்தான் கண்டிப்பு. மூன்றாம் தரத்தில் இன்னும் தாராளம். தெருவின் தோற்றத்தோடு ஒத்துப்போனால் போதும். எனவே நோட்டீஸ் கையில் கிடைத்ததும் பார்க்க வேண்டியது உங்கள் வீடு எந்தத் தரம் என்பதை. சாதாரணக் குடியிருப்பு வீடுகளில் பல இரண்டாம், மூன்றாம் தரங்களில்தான் வரும். அங்கே குளியலறை கட்டலாம், சமையலறையை மாற்றலாம், முன் அறைகளைக் கடையாகவோ விடுதியாகவோ ஆக்க அனுமதி கேட்கலாம்.

பட்டியல் இறுதியாவதற்கு முன் ஆட்சேபம் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. பொதுமக்களின் கருத்தைக் கேட்டுப் பரிசீலித்த பிறகே அதை இறுதி செய்ய வேண்டும் என்பது மாதிரி விதிகளின் நிபந்தனை. நோட்டீஸில் குறிப்பிட்ட கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். ‘என் வீட்டைச் சேர்க்காதே’ என்று மொட்டையாக எழுதினால் எடுபடாது. பின்கட்டு எப்போது புதிதாகக் கட்டியது, எந்தப் பகுதி ஏற்கெனவே கான்கிரீட், எந்தத் தரம் பொருந்தும் என்று படத்தோடு காட்டினால் தரம் குறையவோ, முன்பகுதி மட்டும் பட்டியலில் நிற்கவோ வாய்ப்பு உண்டு. விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் சொல்லாத மறுப்பு நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

இங்கே அரசை நோக்கியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கட்டுப்பாடு போடுகிற கை, செலவில் பங்கு கொடுக்கத் தயங்குகிறது. தனியார் வீட்டின் பராமரிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு என்று விதி சொல்லிவிடுகிறது. தேக்குத் தூண் ஒன்றை மாற்ற ஓய்வூதியக் குடும்பம் எங்கே போகும்? இழக்கும் கட்டட உரிமைக்கு ஈடாக வேறிடத்தில் பயன்படுத்தும் மேம்பாட்டு உரிமைப் பரிமாற்றத்துக்கு மாதிரி விதிகளிலேயே வழி இருக்கிறது. சொத்துவரிச் சலுகையும் கொடுக்கலாம். இவை உங்கள் ஊரில் அமலில் உள்ளனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். இந்தச் சுமையைத் தனிக் குடும்பத்தின் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமே இல்லை.

பழைய வீட்டை மண்ணாக்குவதில் ஜே.சி.பி.க்கு முன்னால் வந்துவிடுவது தண்ணீர். மட்ராஸ் டெரஸ் என்கிற பழைய மாடித் தளத்தை நினைத்துப் பாருங்கள். மரச்சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். தட்டோட்டின் இடுக்கு விட்டுப்போனால் நீர் இறங்கி, சுவருக்குள் செருகியிருக்கும் சட்டத்தின் முனையை உளுக்க வைக்கும். கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதற்கு மருந்து என்று மேலே சிமென்ட் கலவையைக் கொட்டுவார்கள். பாரம் ஏறும், நீர் உள்ளேயே சிறைப்படும். சுவருக்கும் அதே கதைதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். “சிமென்ட் போட்டா நூறு வருஷம் நிக்கும்ணே” என்று கொத்தனார் சொன்னால், சுண்ணாம்பு வேலை தெரிந்த இன்னொருவரைத் தேடுங்கள்.

உள்ளாட்சியின் சொந்தக் கட்டடத்துக்கே இது நடந்திருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், 1870களின் தொடக்கத்தில் எழுந்து நகராட்சி அலுவலகமாக இருந்த மேரி கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தது. பழுதுபார்க்கும் பேச்சும் வேலையும் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே விழுந்தது. உலக வங்கி நிதியில் சுமார் 15 கோடி ரூபாய் செலவில் அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். இப்போது நிற்பது அழகான பிரதி. மூலக் கட்டடம் திரும்பி வராது.

ஆபத்தான கட்டடம் என்று நகராட்சி நோட்டீஸ் ஒட்டினால் அது முழு இடிப்புக்கான உத்தரவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள், அதில் தயக்கமே கூடாது. உடனே முட்டுக்கொடுங்கள். பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கையை வாங்கி, எந்தப் பகுதியை மட்டும் பிரிக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, நகராட்சிக்கும் பாரம்பரியக் குழுவுக்கும் ஒரே நாளில் கொடுங்கள்.

பக்கத்து வீடு இடிபடுவதைப் பார்ப்பவருக்கும் வழி உண்டு. இடிப்பு வேலை பெரும்பாலும் அலுவலகம் மூடிய விடுமுறை நாட்களில் தொடங்கும். தேதி பதிவாகும்படி படமெடுங்கள். நகர அமைப்புக் குழுமத்துக்கும் நகராட்சி ஆணையருக்கும் வேலையை நிறுத்தச் சொல்லி மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். அனுமதி எண்ணையும் வரைபடத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாட்களில் வர வேண்டும். அதற்குள் கட்டடம் போய்விடும் என்றால் நேரே உயர் நீதிமன்றம்தான். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றமே. அண்ணா சாலையில் 1897-இல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை அதன் உரிமையாளரான எல்.ஐ.சி. 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது, இன்டாக் வழக்குப் போட்டுத் தடுத்தது. 2010-இல் வந்த தீர்ப்பால் சென்னையில் பாரம்பரியக் குழு அமையவும் வழி பிறந்தது. உரிமையாளர் அல்லாத ஒருவர் போட்ட வழக்கு அது என்பதைக் கவனியுங்கள்.

தஞ்சாவூர், காஞ்சிபுரம், மாமல்லபுரத்தில் இருப்பவர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில் வேறு சட்டம். 2010-இல் திருத்திய 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சின்னத்தின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிதாகக் கட்டத் தடை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்க, தடைப் பகுதியிலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பழுதுபார்ப்பு என்ற பெயரில் இடித்துத் திரும்பக் கட்டினால் 2 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ வரலாம். நகராட்சி வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது என்பது அங்கே கேடயமாகாது. மனை வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றில் இது தெரியாது என்பதால், முன்பணம் கொடுக்கும் முன் தூரத்தைத் தனியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பங்காளிகள் பலர் இருக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் அங்கேயே கிடக்கும். ஒருவருக்குப் பொது அதிகாரம் எழுதிவைத்துவிட்டால் கூரைக்கு ஓடு மாற்றுவதற்காவது தடை இருக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கும். குழு கூடி முடிவெடுக்க மாதங்கள் ஆகலாம். ஆகவே கோடையிலேயே மனுவைக் கொடுங்கள். முகப்பு, கூரை, ஒழுகும் இடம் எல்லாவற்றையும் படமெடுத்து, அளவெடுத்த வரைபடத்தோடு, எந்தப் பொருளால் வேலை செய்யப்போகிறீர்கள் என்று வரிசையாக எழுதி இணையுங்கள். நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.