பார்வை தேவைப்படாத விசைகள்

திருவனந்தபுரத்தின் பழவங்காடி கணபதி கோயில் பக்கமிருந்து பூஜப்புரை அப்படியொன்றும் தூரமில்லை. கேரளத்துப் பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் தயாரித்துத் தரும் அரசு நிறுவனமான 'கைட்' அங்கேதான் இருக்கிறது. அந்தப் பள்ளி லேப்டாப் ஒன்றில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். படங்களும் மவுஸ் அம்பும் மறைந்துபோகும். கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்டு ஒரு வரி நிற்கும். இதுதான் கன்சோல், எழுத்துக்கு மட்டுமே இங்கே இடம்.

இங்கே எதைச் செய்வதானாலும் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். அடிக்கடி தேவைப்படும் கட்டளையை ஒரே விசையில் ஏற்றிவிட்டால் வேலை குறையும். ஆனால் எந்த விசையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடியாது. கன்ட்ரோலோடு 'ஐ' எழுத்தைச் சேர்த்து ஒரு கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்கள், டேப் விசையும் அந்தக் கட்டளையையே ஓட்டும். 'எம்' எழுத்தைக் கொடுத்தால் என்டர் விசை போய்விடும்.

காரணம் 1963-க்குப் போகிறது. ஆஸ்கி எழுத்துக் குறியீடு அந்த ஆண்டில்தான் வந்தது. அதில் 'ஐ' 73, 'எம்' 77. கன்ட்ரோலைச் சேர்த்து அழுத்தினால் அந்த எண்ணிலிருந்து 64 கழியும். 73 என்பது 9 ஆகிறது, டேப்பின் எண்ணும் 9. 77 என்பது 13 ஆகிறது, அது என்டர். டெலிபிரின்டர் காலத்து இந்த ஏற்பாட்டை இன்றைய கன்சோலும் அப்படியே பின்பற்றுகிறது. எந்த விசையை அழுத்தினோம் என்பது நிரலுக்குத் தெரியாது; வந்து சேர்ந்த எண் மட்டுமே தெரியும்.

இந்தக் கணக்கு தெரியாமல் கன்ட்ரோல்-எஸ் அடித்துவிட்டு, திரை உறைந்துபோனது கண்டு மெஷினையே அணைத்தவர்கள் எத்தனையோ பேர். அதன் எண் 19, 'அனுப்புவதை நிறுத்து' என்று அர்த்தம். கன்ட்ரோல்-க்யூ அழுத்தினால் திரை மறுபடி ஓடத் தொடங்கும்.

இப்படிக் கட்டளையை ஒரு விசையில் ஏற்றும் ஷார்ட்கட்டை இரண்டு இடங்களில் வைக்கலாம். ஒன்று, லினக்ஸின் கருவிலேயே (கெர்னல்). 'ஷோகீ' என்ற கட்டளையைக் கொடுத்து ஒரு விசையை அழுத்தினால் அதன் எண்ணைக் காட்டும். எஃப்1 என்றால் 59, கேப்ஸ் லாக் என்றால் 58. பத்து விநாடி எதையும் அழுத்தாமல் இருந்தால் தானே நின்றுவிடும். பிறகு 'லோட்கீஸ்' வழியாக எஃப்1-க்கு ஒரு முழுக் கட்டளை வரியையே கொடுத்துவிடலாம். ஆனால் இது எல்லாக் கன்சோலுக்கும் பொருந்தும். கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது கை தவறி எஃப்1 பட்டால், கட்டளை வரி கடிதத்துக்குள் விழும். அதனால் கோப்பை அழிக்கும் கட்டளையை இப்படி வைக்கவே கூடாது. வைத்தே தீர வேண்டுமானால், வரியின் முடிவில் என்டரையாவது சேர்க்காமல் விட வேண்டும். இரண்டாவது இடம், நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் ஷெல். அங்கே 'பைண்ட்' கட்டளையால் வைத்தால் ஷெல்லில் மட்டுமே வேலை செய்யும். எனக்கு இதுதான் பாதுகாப்பாகப் படுகிறது.

சிலருக்கு ஷார்ட்கட் வெறும் வசதியல்ல. அதை விட்டால் வேறு வழியே இல்லை. பார்வையற்றவருக்கு மவுஸ் அம்பு எங்கே இருக்கிறது என்பது தெரியாது. கன்சோல் திரையை வாசித்துக் காட்டும் 'ஸ்பீக்கப்' லினக்ஸின் கருவுக்குள்ளேயே இயங்குவது. பல ஆண்டுகள் சோதனைப் பகுதியில் கிடந்து, 2020 அக்டோபரில் வந்த 5.9 பதிப்பில்தான் முறையான இடம் பெற்றது. அதன் விசை அமைப்பை விரலால் தொட்டே கற்றுக்கொள்ளலாம். கீபோர்டின் வலப்பக்க எண் கட்டத்தில் மேல் வரிசையான 7, 8, 9 திரையின் வரிகளுக்கு. நடுவிலுள்ள 4, 5, 6 சொற்களுக்கு. கீழே 1, 2, 3 எழுத்துகளுக்கு. இடது விசை முந்தையதை வாசிக்கும், நடுவிசை இப்போது இருப்பதை, வலது விசை அடுத்ததை. 5-இன் மேல் இருக்கும் சிறு மேடு விரலுக்குப் பட்டுவிட்டால் மற்ற எட்டும் தானே பிடிபடும். இதைவிடச் சிறப்பாக யோசித்து அமைத்த விசைத்தொகுப்பை நான் பார்த்ததில்லை. பழவங்காடி போல ஓயாத இரைச்சல் உள்ள இடத்தில்கூட, இயர்போனை மாட்டிக்கொண்டு இந்த ஒன்பது விசைகளால் ஒரு திரை முழுவதையும் படித்துவிட முடியும். பொதுக் கம்ப்யூட்டரில் ஷார்ட்கட் வைப்பவர்கள் அந்த எண் கட்டத்தைத் தொடாமல் விட வேண்டும்.

பார்வையற்றவர்களுக்கான இன்னொரு விசை அமைப்பைத் தந்தவர் டி.வி. ராமன். புனேயில் பிறந்த அவர் பதினான்கு வயதில் கண் அழுத்த நோயால் பார்வையை இழந்தவர். மும்பை ஐ.ஐ.டி.யிலும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். 'ஈமாக்ஸ்' என்ற எழுத்துத் தொகுப்பு நிரலைப் பேசவைக்கும் 'ஈமாக்ஸ்பீக்' அவர் உருவாக்கியது. முதல் வெளியீடு 1995-இல். அதன் கட்டளைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் கன்ட்ரோல்-இ அழுத்த வேண்டும். ஈமாக்ஸில் அந்த விசை ஏற்கெனவே வரியின் கடைசிக்குப் போகப் பயன்பட்டது. அதையும் அவர் பறித்துவிடவில்லை, கன்ட்ரோல்-இ-க்குப் பின் 'இ' அழுத்தினால் வரியின் கடைசிக்குப் போகலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. ஈமாக்ஸ்பீக் ஓடும் கம்ப்யூட்டரிலிருந்து வேறொரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்து அங்கும் ஈமாக்ஸ்பீக்கை ஓட்டினால், கன்ட்ரோல்-இ-யை அருகிலிருப்பதே பிடித்துக்கொள்ளும், தொலைவிலிருப்பதற்குப் போய்ச் சேராது. அதற்காகவே இந்த முன்விசையை மாற்றிக்கொள்ளவும் ஒரு கட்டளை அதில் இருக்கிறது.